2020 ஏப்ரலில உங்கட பிள்ளைக்கு வருத்தம் வந்தபோது என்ன செய்தனீங்கள்?

செங்காந்தள் (லண்டன்) · 14 ஜனவரி 2023, இரவு 9.40

எல்லாருக்கும் ஒருநாள் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள். நாளைக்கு எனக்குப் பன்ரண்டு மணித்தியால டியூட்டி, அதால இப்பவே சொல்லிப்போடுறன்.

நான் இங்க பிள்ளையளின்ர ஏ அண்ட் ஈயில, அதுதான் அவசரப் பிரிவில, நேர்ஸ். பதினொரு வருசம். போன கிழமை ஒரு மீட்டிங். மேலிடத்தில இருந்து வந்த ஒருத்தர், எங்களிட்ட வந்த பிள்ளையளின்ர எண்ணிக்கையைத் திரையில ரெண்டு கோடாப் போட்டுக் காட்டினார். ஒண்டு 2019, மற்றது 2020. மார்ச் 23 லொக்டவுனோட ரெண்டாவது கோடு, கயிறு அறுந்த வாளி கிணத்துக்குள்ள போற மாதிரிப் போகுது. "பாருங்கோ, இவ்வளவு பேர் வராமலே சமாளிச்சிருக்கினம். அப்ப இவையெல்லாம் முந்தித் தேவையில்லாமல் வந்தவை" எண்டார். இனி வாசலிலேயே பாத்துத் திருப்பி அனுப்ப ஏதோ திட்டமாம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனா அந்த இடத்தில ஒழுங்கான மறுமொழி வரேல்லை.

அந்த நாளுகள் எனக்கு நல்லா நினைவிருக்கு. வழமையா இரவு பத்து மணிக்கு எங்கட வெயிட்டிங் ரூமில நிக்க இடமிராது. அண்டைக்கு மூண்டு பிள்ளையள். விளையாட்டுச் சாமானெல்லாம் கிருமி எண்டு மூட்டை கட்டியாச்சு. நாங்கள் அலுமாரி துடைச்சுக்கொண்டிருந்தம். சுவருக்கு அங்கால பெரியவையின்ர பக்கம் சனம் மூச்சுக்குத் தவிக்குது, எங்களில ரெண்டு பேரை அங்க இழுத்தும் போட்டினம். வந்த மூண்டு பிள்ளையளில ஒண்டு நேர ரீசஸ் அறைக்கு, உயிருக்கு ஆபத்தான ஆக்களைப் பாக்கிற இடத்துக்கு, போனது. வழமையான இரவில நாப்பது பேர் வந்தாலும் ரீசஸ் ஒண்டோ ரெண்டோதான்.

என்ர கேள்வி தாய் தேப்பன்மாரிட்ட. அந்த மாதங்களில பிள்ளைக்கு வருத்தம் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தனீங்களோ? ஏன்? வந்தவையின்ர கதை எங்கட கொம்பியூட்டரில கிடக்கு. வராதவையின்ர கதை எங்கயும் இல்லை.

---

ஸ்கார்பரோ சிவா (டொரோண்டோ) · 14 ஜனவரி, இரவு 11.15

அக்கா, அந்தக் கோடு உங்கட ஆஸ்பத்திரியில மட்டும் இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், அதுதான் சிடிசி, 2020 ஜூனில ஒரு கணக்குப் போட்டது. மார்ச் 29 இல இருந்து ஏப்ரல் 25 வரை எமர்ஜென்சிக்கு வந்தவையை 2019 இன்ர அதே நாளுகளோட ஒப்பிட்டவை. கிழமைக்கு 21 லட்சம் பேர் வந்த இடத்தில 12 லட்சம். மொத்தத்தில 42 வீதம் குறைவு. ஆனா பத்து வயதும் அதுக்குக் கீழயும் எடுத்தால் 72 வீதம். 11 இல இருந்து 14 வயது 71 வீதம். இத்தாலியில ஐஞ்சு ஆஸ்பத்திரியின்ர மார்ச் மாதக் கணக்கில பிள்ளையள் 73 இல இருந்து 88 வீதம் வரை குறைவு.

கொரோனா வாட்டினது வயசானவையை. எமர்ஜென்சியில இருந்து கூடுதலாக் காணாமல் போனது சின்னனுகள். இந்த முரணை உங்கட மேலதிகாரி யோசிச்சாரோ தெரியாது.

இன்னொண்டு. 2003 இல சார்ஸ் எண்ட தொற்றுநோய் வந்தது ஆருக்கும் நினைவிருக்கோ? டொரோண்டோவுக்குள்ள அது நுழைஞ்சதே எங்கட ஸ்கார்பரோ ஆஸ்பத்திரி ஒண்டுக்குள்ளால. எங்கட சனம் அந்த வாசலைக் கடந்து போற பஸ்ஸில ஏறவே யோசிச்சது. அந்த முறையும் இங்கத்தைய குழந்தைகள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வந்த கூட்டம் குறைஞ்சது எண்டு டொக்டர்மார் பிறகு எழுதினவை. அப்ப ஊர் முழுக்க லொக்டவுன் இல்லை, பள்ளிக்கூடங்களும் பொதுவா நடந்தது. பயம் மட்டுந்தான் இருந்தது.

---

எதிர்க்கேள்வி (சிங்கப்பூர்) · 15 ஜனவரி, காலை 7.05

எல்லாரும் திட்டப் போறீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறேன். அந்த மேலதிகாரி சொன்னதுல என்ன தப்பு?

என் பையனை 2019ல மூணு தடவை ராத்திரில எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடினேன். மூணு தடவையும் "வைரல் ஃபீவர், பாரசிட்டமால் குடுங்க, தண்ணி குடிக்க வைங்க". 2020ல ஒரு தடவைகூடப் போகல. பையன் கல்லு மாதிரி இருந்தான். அப்ப அந்த மூணு தடவையும் என் பதற்றத்துக்குத்தான் வைத்தியம் பாத்தாங்க. என்னை மாதிரி ஆயிரம் பேர். டாக்டருக்கும் நேரம் வீண், நிஜமா முடியாத குழந்தைக்கும் காத்திருப்பு. கோவிட் அதை வெளிச்சம் போட்டுக் காட்டுச்சு, அவ்வளவுதான்.

---

டாக்டர் மருதம் (கோயம்புத்தூர்) · 15 ஜனவரி, பகல் 1.30

எதிர்க்கேள்வி சார், உங்க பையன் 2020ல எமர்ஜென்சிக்குப் போகாம சமாளிக்கல. அவனுக்குக் காய்ச்சலே வரல. இது ரெண்டும் வேற வேற.

பள்ளிக்கூடம் மூடினாங்க, ப்ளேஸ்கூல் மூடினாங்க, எல்லாரும் மாஸ்க் போட்டாங்க, கையைக் கழுவினாங்க. ஃப்ளூவும் ஆர்.எஸ்.வி.யும் ஏறக்குறைய காணாமலே போச்சு. ஆர்.எஸ்.வி.தான் கைக்குழந்தைகளுக்கு மூச்சிறைப்பு குடுக்கிற வைரஸ். ப்ராங்கியோலைட்டிஸ்னு சீசனுக்கு வார்டு நிரம்பும், அந்த சீசனே இல்லாமப் போச்சு. ஆஸ்துமா குழந்தைகளுக்கு அட்டாக்கைக் கிளப்பி விடுறதே பெரும்பாலும் சளி வைரஸ்தான், அதுவும் குறைஞ்சது. வாந்தி பேதி குறைஞ்சது. ரோட்ல வண்டி ஓடல, அடிபட்டு வர்றவங்க குறைஞ்சாங்க. பி.டி. பீரியட் இல்ல, கை ஒடியல. (சைக்கிள்ல விழுந்தது, வீட்டுல சுடுதண்ணி கொட்டினது எல்லாம் வந்துட்டேதான் இருந்துச்சு.)

அதனால வராத குழந்தைகள்ல ஒரு பெரிய பங்கு நிஜமாவே ஆரோக்கியமா இருந்த குழந்தைகள். அவங்க முன்னாடி "தேவையில்லாம" வந்தவங்க கிடையாது. முன்னாடி நோய் இருந்துச்சு, வந்தாங்க.

மிச்சம் பேர் யாருங்கிறதுதான் கேள்வி. அதை வந்தவங்க எண்ணிக்கையை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது. வந்து சேர்ந்த குழந்தைகள் எந்த நிலைமையில வந்தாங்கன்னு பாக்கணும். சகோதரி சொன்ன அந்த மூணுல ஒண்ணு மாதிரி.

---

நிலா அம்மா (பர்மிங்காம்) · 15 ஜனவரி, இரவு 10.50

இதை எங்கேயும் எழுதினதில்ல. செங்காந்தள் அக்கா கேட்டதால எழுதறேன்.

2020 ஏப்ரல் மூணாவது வாரம். என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. எந்நேரமும் தண்ணி கேட்டுட்டே இருந்தா. ரெண்டு வருஷமா படுக்கையை நனைக்காதவ திரும்ப நனைச்சா. ஸ்கூல் இல்ல, ஃப்ரெண்ட்ஸ் இல்ல, ஏக்கத்துல பண்றான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுல எல்லாருமே ஒழுங்கா சாப்பிடாத நேரம், அதனால அதையும் கண்டுக்கல.

அப்புறம் வாந்தி, வயித்து வலி, வேகவேகமா மூச்சு. மூச்சுன்னதும் எங்களுக்கு ஒரே எண்ணம்தான், கோவிட். 111க்கு, அதான் இங்க மருத்துவ ஆலோசனை ஃபோன் லைன், போட்டா லைன் கிடைக்க அவ்ளோ நேரம். கிடைச்சதும் இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கான்னு கேட்டு, வீட்டுலயே ஏழு நாள் தனியா இருங்க, மோசமானா கூப்பிடுங்கன்னாங்க. ஜி.பி., எங்க குடும்ப டாக்டர், ஃபோன்ல பேசினார், குழந்தையைப் பாக்கல. அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க.

வீட்டுல மாமியார், எழுபத்தி நாலு வயசு, ஆஸ்துமா. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா அவங்களுக்கு வந்துடுமோ. ஒரு பெற்றோர்தான் உள்ள போகலாம். அட்மிட் பண்ணினா என்கூட இருக்க விடுவாங்களா. டி.வி.யைப் போட்டா வீட்டிலேயே இருங்கள், என்.எச்.எஸ்.ஸை, அதாவது அரசு மருத்துவ சேவையை, பாதுகாப்போம்னு எழுதி மஞ்சள் பலகை. நான் அதை எப்படிப் படிச்சேன்னா, உன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து அவங்களுக்குத் தொல்லை குடுக்காதேன்னு. இந்த இழையில "தேவையில்லாம வர்றவங்க"ன்னு ஒரு வார்த்தை ஓடுது பாருங்க, அதுல ஒருத்தியா ஆயிடக் கூடாதுன்னுதான் நாலு நாள் இருந்தேன்.

நாலாம் நாள் காலைல எழுப்பினா கண்ணைத் திறந்து திறந்து மூடறா. வாய்ல அழுகின பழ வாசனை, நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி. 999 கூப்பிட்டோம். ஆம்புலன்ஸ்ல விரல்ல குத்திப் பாத்தா மீட்டர்ல நம்பரே வரல, "ஹை"ன்னு மட்டும் வந்துச்சு. ஐ.சி.யூ.ல ரெண்டு ராத்திரி.

இப்ப நல்லா இருக்கா. இன்சுலின் பம்ப் போட்டிருக்கா.

---

டாக்டர் மருதம் · 16 ஜனவரி, காலை 6.20

நிலா அம்மா, உங்க வீட்டுல நடந்தது உங்க தப்பு இல்ல. ஏன்னு சொல்றேன்.

டைப் 1 சர்க்கரை நோய், தெரியாம விட்டா ரத்தம் அமிலமா மாறுது. அந்த அமிலத்தை வெளிய தள்ளத்தான் உடம்பு ஆழமா, வேகமா மூச்சு விடுது. நுரையீரல்ல கோளாறே இருக்காது. கோவிட் காலத்துல வேகமான மூச்சைப் பாத்த யாருக்கும் முதல்ல தோணறது கோவிட்தான், டாக்டருக்கே தோணிச்சு. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, மெலிவு, இந்த நாலும் சேர்ந்து இருந்தா விரல்ல குத்திப் பாக்குற ஒரு நிமிஷ டெஸ்ட் போதும். ஃபோன்ல அதைப் பண்ண முடியாது.

ஜெர்மனில இதுக்குன்னே நாடு முழுக்கப் பதிவேடு இருக்கு. புதுசா டைப் 1ன்னு கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள்ல, கண்டுபிடிக்கிறப்பவே அமில நிலைக்குப் போயிருந்தவங்க 2019ல 24.1 சதவீதம். 2020 மார்ச் 13லேருந்து மே 13 வரை 44.9 சதவீதம். அங்க ஆஸ்பத்திரி எதுவும் நிரம்பி வழியல, மருந்துக்குப் பஞ்சம் இல்ல, காப்பீடு எல்லாருக்கும் உண்டு. அங்கயே அப்படி.

உங்க நாட்டுலயும் குழந்தை மருத்துவர்கள்கிட்ட அந்த ஏப்ரல்லயே ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு. அவசரப் பிரிவுல வேலை பாத்த 752 பேர்ல 241 பேர், தாமதமா வந்த குழந்தையைப் பாத்ததாச் சொன்னாங்க. அதுல முதலிடம் சர்க்கரை நோய்தான். தாமதமும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு கருதப்பட்ட மரணங்கள் ஒன்பது. சிவா சொன்ன அதே இத்தாலிக் கட்டுரைல, மார்ச் கடைசில ஒரே வாரத்துல தாமதமா வந்த 12 குழந்தைகளைப் பத்தி இருக்கு. பாதிப் பேர் ஐ.சி.யூ., நாலு பேர் இறந்துட்டாங்க. கொரோனாவுக்குப் பயந்து வரலைன்னு பெற்றோர்களே சொன்னாங்க.

---

எதிர்க்கேள்வி · 16 ஜனவரி, காலை 8.00

நிலா அம்மா, மன்னிச்சிருங்க. அந்த வார்த்தையை நான் லேசாச் சொல்லிட்டேன்.

ஆனா வாதத்தை விடல. ஒன்பது, நாலு. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட துக்கம், மறுக்கல. வராத லட்சக்கணக்கான பேருக்கு முன்னாடி இது சின்ன எண்ணிக்கைதானே? பெரும்பான்மை வராம நல்லாத்தானே இருந்தாங்க? அந்தப் பெரும்பான்மையை இப்பவும் வீட்டுலயே வச்சுக்க வழி கண்டுபிடிக்கிறது எப்படித் தப்பாகும்?

---

செங்காந்தள் · 16 ஜனவரி, இரவு 11.55

தம்பி, நீங்கள் கேக்கிறது சரியான கேள்வி. அதாலதான் எனக்கு மீட்டிங்கில வாய் அடைச்சது.

வாசலில பத்துப் பிள்ளையள். பத்துக்கும் காய்ச்சல். ஒன்பதுக்கு வைரல், ஒண்டுக்குச் செப்சிஸ், கிருமித்தொற்று உடம்பு முழுக்கத் தாக்கிற ஆபத்து, தொடங்குது. எந்தப் பிள்ளை எண்டு முகத்தில எழுதியிருக்காது. நான் உடுப்பைக் கழட்டி நெஞ்சு உள்ள இழுக்குதோ எண்டு பாக்கோணும். புள்ளி புள்ளியாச் சிவப்பு இருந்தால் கண்ணாடிக் கிளாசால அமத்தி மறையுதோ எண்டு பாக்கோணும். நாடி எண்ணோணும். ரெண்டு மணித்தியாலம் வைச்சிருந்து, மருந்துக்குப் பிறகு பிள்ளை எழும்பி விளையாடுதோ எண்டு பாக்கோணும். பாத்து முடிச்சால் பிறகு ஒன்பது பேரும் தேவையில்லாமல் வந்தவை. பாக்க முந்தி ஒருத்தரும் இல்லை. மூண்டு மாதத்துக்குக் கீழ பிள்ளைக்கு 38ஐத் தாண்டினால் எத்தினை வருசம் வேலை செய்த ஆளும் சும்மா திருப்பி அனுப்ப மாட்டினம்.

உங்கட மகனுக்கு அந்த மூண்டு முறையும் "ஒண்டுமில்லை" எண்டு சொன்னவை, பாத்துப்போட்டுத்தான் சொன்னவை.

அதுக்காக எல்லாரும் ஓடி வாங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு கிழமையா இருக்கிற சொறிக்கு இரவு ரெண்டு மணிக்கு வாறவையும் இருக்கினம், எனக்கும் பல்லைக் கடிக்கத்தான் வரும். ஆனா தாய் தேப்பனுக்கு எது எதுக்கு வரோணும் எண்டு சொல்லிக் குடுக்காமல் "வராதேங்கோ" எண்டு மட்டும் சொன்னால், சொறி வரும், சர்க்கரை வராது. பயந்த நல்ல சனந்தான் முதல்ல நிக்கும்.

2020இலயும் இது பிந்தித்தான் விளங்கினது. பிள்ளை வைத்தியர்மாரின்ர ரோயல் கொலிஜ் சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு ஒரு தாள் அடிச்சுது. எது எண்டால் 999, எது எண்டால் டொக்டருக்கு அடிக்கோணும், எது எண்டால் வீட்டில வைச்சுப் பாக்கலாம். நான் அதைக் கையால தமிழில எழுதி, படமெடுத்து, எங்கட கோயில் வாட்ஸ்அப் குறூப்பில போட்டன். ஒரு கிழவர் "நேர்ஸ் பிள்ளை, இதை முந்தியே போட்டிருக்கலாம்" எண்டு எழுதினார். ஓம், போட்டிருக்கலாம்.

---

மயிலை ராகவன் (சென்னை) · 17 ஜனவரி, பகல் 12.10

எல்லாரும் பயத்தைப் பத்தியே பேசறீங்க. எங்க கதையில பயம் ரெண்டாவது.

2020 ஜூன், சென்னைல ரெண்டாவது தடவையா முழு ஊரடங்கு போட்டாங்களே, 19லேருந்து 30 வரைக்கும், அப்ப. பையனுக்குப் பதினொரு வயசு. தொப்புளைச் சுத்தி வலி. தெருமுனை டாக்டர் கிளினிக்கை மார்ச்லயே பூட்டிட்டார், அவருக்கு வயசு எழுபது. வீடியோ கால்ல ஒருத்தர் வயித்துல கேஸ்னு மருந்து எழுதினார். ராத்திரி வலி வலது பக்கம் கீழ இறங்கிடுச்சு. ஆட்டோ கிடையாது, ஓலா கிடையாது. 108 ஆம்புலன்ஸ் எல்லாம் கோவிட் பேஷன்ட்டோட ஓடிட்டிருந்த சமயம். மச்சான் டூ வீலர்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனோம். மூணு இடத்துல போலீஸ் நிறுத்தினாங்க. பையன் முகத்தைப் பாத்து மூணு இடத்துலயும் விட்டாங்க, அதைச் சொல்லணும்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி. "கோவிட் சுவாப் டெஸ்ட் ரிசல்ட் வந்தாத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள எடுப்போம்." ரிசல்ட்டுக்கு ஒரு நாள் ஆகும்னாங்க. பையனைத் தனி ரூம்ல போட்டு சொட்டு மருந்து ஏத்தினாங்க. ரிசல்ட் நெகட்டிவ்னு வர்றதுக்குள்ள குடல்வால் வெடிச்சிடுச்சு. மூணு நாள்ல வீட்டுக்கு வர வேண்டியவன் பதினோரு நாள் இருந்தான். பில்லைப் பத்திப் பேசலை.

உங்க லண்டன் கோட்டுல அவன் "வந்தவன்" கணக்கு. வந்துட்டுத்தான் நின்னுட்டிருந்தான்.

---

வடமராட்சி வாத்தி (பருத்தித்துறை) · 17 ஜனவரி, பின்னேரம் 4.45

இங்கயும் அதுதான். மார்ச் 20 பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு. யாழ்ப்பாணத்தில தொற்று எண்டு இன்னும் இறுக்கம். எங்கட பக்கத்துச் சனம் இரவில பிள்ளைக்கு ஏதும் எண்டால் ஓட்டோ பிடிச்சு ஆதார ஆஸ்பத்திரிக்குப் போறது. ஊரடங்கில ஓட்டோ ஏது? 1990க்கு அடிச்சால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை. ஆனா முகக்கவசமும் மூடின உடுப்புமா ஆக்கள் வந்து இறங்கினால், இந்த வீட்டில கொரோனா எண்டு ஊர் கதைக்கும். அதுக்குப் பயந்து அடிக்காத ஆக்களை எனக்குத் தெரியும். பாம்பு கடிச்ச ஆக்களே யோசிச்சவை.

---

கொத்தமல்லி (மஸ்கட்) · 17 ஜனவரி, இரவு 8.30

கனமான இழைல ஒரு சின்ன விஷயம். எங்க அக்கா பையன், ரெண்டரை வயசு, சானிடைசரை ஜூஸ்னு நினைச்சு ரெண்டு வாய் குடிச்சுட்டான். ஆரஞ்சு வாசனை வேற போட்டு விக்கறானுங்க. ஒண்ணும் ஆகல, ராத்திரி முழுக்க அப்சர்வேஷன். அவனும் அந்த மாசத்துக் கணக்குல ஒண்ணு.

---

ஸ்கார்பரோ சிவா · 17 ஜனவரி, இரவு 9.10

கொத்தமல்லி, சிரிக்கிற விசயம் இல்லை அது. 2020 இன்ர முதல் மூண்டு மாதத்தில அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்குக் கிருமிநாசினி, துப்புரவுச் சாமான் பற்றி வந்த அழைப்பு 45,550. முந்தின வருசத்தைவிட 20 வீதம் கூட. அதைப் பற்றி எழுதின அறிக்கையில உங்கட மருமகன் மாதிரியே ஒரு சின்னப் பிள்ளை வருது.

---

நெறியாளர் · 17 ஜனவரி, இரவு 10.00

காய்ச்சலுக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எடை தெரியாமல் அளவு சொல்ல வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

---

பெயர் வேண்டாம் (மிசிசாகா) · 18 ஜனவரி, அதிகாலை 2.20

வராத பிள்ளையளைப் பற்றிக் கதைக்கிறியள். முந்தியைவிடக் கூடுதலா வந்த பிள்ளையளும் இருக்கினம்.

என்ர மகளுக்குப் பதினாலு. 2021 மாசி. கமெராவை நிப்பாட்டிப்போட்டு ஒன்லைன் வகுப்பில இருந்தவ. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஆக்கள், நான் முதியோர் இல்லத்தில. அந்த இரவு நடந்ததை எழுதேல்லை. எமர்ஜென்சியில பதினாறு மணித்தியாலம் இருந்தம். பக்கத்துக் கட்டில்களிலும் அவவின்ர வயசுப் பிள்ளையள், எல்லாரும் பெட்டையள். அதைப் பாத்துத்தான் நான் அழுதனான்.

இப்ப பரவாயில்லை. சிரிக்கிறா.

---

டாக்டர் மருதம் · 18 ஜனவரி, காலை 6.45

எழுதினதுக்கு நன்றி. நீங்க பாத்தது அந்த ஒரு இரவோட தற்செயல் இல்ல. அமெரிக்கக் கணக்குல 2020 ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரை, எமர்ஜென்சிக்கு வந்த குழந்தைகள்ல மனநலக் காரணத்துக்காக வந்தவங்க பங்கு, 5 முதல் 11 வயசுல சுமார் 24 சதவீதம், 12 முதல் 17ல 31 சதவீதம் கூடிச்சு. மத்தவங்க குறைஞ்சதால பங்கு பெருசாத் தெரியும்னு ஒரு சந்தேகம் அப்ப இருந்துச்சு. ஆனா 2021 பிப்ரவரி கடைசிலேருந்து மார்ச் வரை, தற்கொலை முயற்சின்னு சந்தேகப்பட்டு வந்த 12 முதல் 17 வயசுப் பெண்கள் 2019ஐவிட 50.6 சதவீதம் அதிகம். ஆண் பிள்ளைகள்ல 3.7தான்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டுல இந்தக் கவலை இருந்தா, காத்திருக்க வேண்டாம். இது எமர்ஜென்சிதான்.

---

செங்காந்தள் · 19 ஜனவரி, இரவு 10.30

ரெண்டு நாள் ஸ்ட்ரைக். குளிரில நிண்டு தொண்டை கட்டிப்போச்சு. எல்லாத்தையும் இப்பதான் வாசிச்சன். பெயர் வேண்டாம் எண்ட அம்மாவுக்கு என்ர அன்பு.

இன்னொரு கூட்டம் இருக்கு, எழுத மனமில்லை, ஆனா விட்டால் கணக்குப் பிழைக்கும். தாங்களாக் கதைக்கத் தெரியாத கைக்குழந்தையள். இங்க லண்டனில ஒரு பெரிய பிள்ளையள் ஆஸ்பத்திரியில, வீட்டில ஆரோ செய்த கொடுமையால தலையில அடிபட்டது எண்ட சந்தேகத்தோட மாதத்துக்கு ஒண்டுகூட வாறதில்லை, சராசரி 0.67. 2020 லொக்டவுன் தொடங்கின ஒரு மாதத்தில பத்து. அமெரிக்காவில பிள்ளைத் துன்புறுத்தல் எண்டு எமர்ஜென்சிக்கு வந்த எண்ணிக்கை குறைஞ்சுது, ஆனா வந்தவையில வார்ட்டில மறிக்க வேண்டி வந்த பங்கு கூடிப்போச்சு. வழமையா ரீச்சர் காயத்தைப் பாப்பா, வீட்டுக்கு வந்து குழந்தையைப் பாக்கிற ஹெல்த் விசிட்டர் பாப்பா, அப்பம்மா பாப்பா. ஒருத்தரும் பாக்காத மாதங்கள் அது.

மேலதிகாரியின்ர கோட்டில இதுவும் "குறைவு" எண்டுதான் தெரியும்.

---

எதிர்க்கேள்வி · 20 ஜனவரி, காலை 7.30

அக்கா, என் வாதம் இப்ப பாதிதான் மிச்சம். ஒரு சந்தேகம் மட்டும். அப்ப எந்தப் பெருந்தொற்று வந்தாலும் குழந்தைகள் எமர்ஜென்சி காலியாகும்னு எடுத்துக்கலாமா? அடுத்த தடவைக்குத் தெரிஞ்சு வச்சுக்கத்தான்.

---

டாக்டர் மருதம் · 20 ஜனவரி, பகல் 2.00

கூடாது. 2009ஐ நினைச்சுப் பாருங்க. பன்றிக்காய்ச்சல்னு சொன்னோமே, அதுவும் உலகப் பெருந்தொற்றுதான், அந்த ஜூன் 11ல அறிவிச்சாங்க. அப்ப நேர் எதிரா நடந்துச்சு. ஆகஸ்ட் தொடக்கத்துல புனேல ஒரு பள்ளி மாணவி இறந்ததும், அங்க நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை வாசல்ல பிள்ளைகளைத் தூக்கிட்டு நின்ன வரிசை தெருவுக்கு வந்துச்சு. தும்மினவனெல்லாம் வரிசைல. அமெரிக்கால மெம்ஃபிஸ்ல ஒரு குழந்தைகள் மருத்துவமனை இடம் பத்தாம வெளிய கூடாரம் அடிச்சுப் பாத்தாங்க.

அந்த வைரஸ் குழந்தைகளைத் தொட்டுச்சு. பள்ளிக்கூடம் பெரும்பாலும் திறந்திருந்துச்சு, பரவிச்சு. பஸ் ஓடிச்சு. "வீட்டுல இரு"ன்னு யாரும் சொல்லல, "சோதனை பண்ணிக்கோ"ன்னு சொன்னாங்க. அதனால கூட்டம். 2020ல இது ஒவ்வொண்ணும் தலைகீழ். அடுத்தது எப்படி வரும்னு அந்தக் கிருமியும் அன்னைக்கு அரசாங்கம் பேசற பேச்சும்தான் முடிவு பண்ணும்.

இன்னொண்ணும் சொல்லணும். கோவிட் குழந்தைகளை ஒண்ணும் பண்ணாதுன்னு முதல் மாசம் சொல்லிட்டிருந்தோம். ஏப்ரல் கடைசில இங்கிலாந்துலேருந்து எச்சரிக்கை வந்துச்சு. தொற்று வந்து போன சில வாரம் கழிச்சு விடாத காய்ச்சல், சிவந்த கண், உடம்புல தடிப்பு, வயித்து வலி, ரத்த அழுத்தம் விழறது. மே மாசம் சென்னைலயும் ஒரு பையனுக்கு வந்து பிழைச்சான். குடல்வால்னு நினைச்சு வயித்தைத் திறக்கப் போன கதையெல்லாம் உண்டு. அபூர்வம்தான், ஆனா வீட்டுல வச்சுப் பாக்குற வியாதி இல்ல.

---

ஸ்கார்பரோ சிவா · 20 ஜனவரி, இரவு 11.40

கோடு 2020ஓட நிக்கேல்லை எண்டதையும் அந்த மேலதிகாரிக்குச் சொல்லுங்கோ. குளிருக்கு வாற ஆர்.எஸ்.வி. 2021 இல கோடையில வந்தது. போன கார்த்திகை இங்க என்ன பாடு! ஒட்டாவாவில பிள்ளையள் ஆஸ்பத்திரி ரெண்டாவது ஐ.சி.யூ. திறந்தது, பிறகு செஞ்சிலுவைச் சங்கத்துச் சனம் வந்து கைகுடுத்தது. பிள்ளையளின்ர காய்ச்சல் மருந்து, ரைலனோல் பாணி, கடையில இல்லை, வெளிநாட்டில இருந்து பத்து லட்சம் போத்திலுக்கு மேல எடுப்பிச்சவை. எல்லை தாண்டி அமெரிக்காவில பஃபலோவுக்குக் கார் ஓடிப்போய் வாங்கிவந்த ஆக்கள் எங்கட தெருவில மூண்டு வீடு, அதில ஒண்டு என்ர.

---

செங்காந்தள் · 21 ஜனவரி, இரவு 9.15

எங்களுக்கு மார்கழியில ஸ்ட்ரெப் ஏ, தொண்டையில வாற பக்டீரியாத் தொற்று. பிள்ளையள் சில பேர் செத்ததாச் செய்தி வந்த உடன, தொண்டை நோ எண்ட ஒவ்வொரு பிள்ளையும் வந்தது. பென்சிலின் பாணி தட்டுப்பாடு வேற. ஒரு நாள் கொரிடோரில நிலத்தில இருந்து பிள்ளைக்குப் பால் குடுத்த தாயைக் கண்டனான். அந்த நேரத்தில ஒருத்தரும் கோடு போட்டுக் காட்டேல்லை.

அடுத்த மீட்டிங் வாற வியாழன். நான் கதைக்கப் போறன் எண்டு பெயர் குடுத்திட்டன். இலக்கமெல்லாம் மருதம் டொக்டரும் சிவாவும் தந்தது காணும். நிலா அம்மா, உங்கட மகளின்ர கதையைச் சொல்லலாமோ? பெயர், ஊர் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆறு வயதுப் பிள்ளை, நாலு நாள் வீட்டில இருந்தது, தாய் தேவையில்லாமல் வரக் கூடாது எண்டு நினைச்சவ. அவ்வளவுதான்.

---

நிலா அம்மா · 22 ஜனவரி, காலை 5.50

சொல்லுங்க அக்கா.

ஒரு திருத்தம். நாலு நாள் இல்ல, அஞ்சு. மேல எழுதறப்போ ஒரு நாளைக் குறைச்சுட்டேன்.